சிவப்புக் கைப்பிடி வால்வு

அத்தியாயம் 9

போன வாரம் இசக்கிசெல்வியை மொட்டைமாடிப் படியில் பாதியில் விட்டுவிட்டு வந்தோம். கோயம்புத்தூரில் மகளுக்கு இரண்டாவது பிரசவம் பார்த்துவிட்டு, இருபத்தெட்டு நாள் கழித்து விடியற்காலை பஸ்ஸில் தூத்துக்குடி வந்து இறங்கியவள் பையைப் பிரிக்கவில்லை, முகம்கூடக் கழுவவில்லை. நேராக மாடிக்கு ஏறினாள். பேரனைப் பார்த்த சந்தோஷம் அந்தப் படிவரைக்கும்தான் கூட வந்தது.

மேலே கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாடியில் பதினெட்டுத் தொட்டிகள். எல்லாம் நாலு விரல் ஆழத்துக்கு மேல் இல்லாத தட்டையான தொட்டிகள். ஒவ்வொன்றிலும் முழங்கை உயரத்துக்கு ஒரு முழு மரம். ஆல், அரசு, புளி, நெல்லி, மாதுளை. மண்ணில் விட்டால் வீட்டையே மறைத்துவிடும் மரங்களை, வேரை அளவாகக் கத்தரித்து, கிளைக்கு அலுமினியக் கம்பி சுற்றி வளைத்து, தட்டுக்குள் வளர்த்து வைத்திருந்தாள். புறப்படும்போது பச்சைப்பசேல் என்று இருந்தவை. இப்போது பாதிக்கு மேல் மொட்டையாக நின்றன. தரையெல்லாம் இலை.

நெல்லி போய்விட்டது. மாதுளை வெறும் குச்சி. புளியில் ஒட்டியிருந்த நாலைந்து இலைகளும் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் நடுவில் அவளுடைய பெரிய ஆல், நாலு விழுதோடு, தலையில் ஓர் இலைகூட இல்லாமல் நின்றது.

அந்த ஆலுக்குப் பதினான்கு வயது. கணவனின் கடைச் சரக்கு வைக்கிற கிட்டங்கியின் சுவர் வெடிப்பில் முளைத்திருந்த கன்று அது. சுவர் பிளந்துவிடும் என்று ஆசிட் ஊற்றப்போன கணவன் கையைத் தட்டிவிட்டு, ஸ்பூனால் நோண்டி எடுத்து வந்தாள். அதற்காகவே மதுரையில் நடந்த போன்சாய் வகுப்புக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். மற்றதையெல்லாம் யூடியூபும், அவள் கையில் செத்துப்போன முதல் பன்னிரண்டு மரங்களும் கற்றுக்கொடுத்தன. இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தாள். அதில் பாதிப் பெருமை கணவனுக்குப் போயிற்று, மீதி ஜாதகத்துக்குப் போயிற்று. இந்த மாடி மட்டும் முழுக்க முழுக்க அவளுடையது.

“ஏளா பானூ!”

அந்தச் சத்தத்தில் பக்கத்து மாடியில் காய வைத்திருந்த கருவாட்டுக்கு வந்த காக்கைகூடப் பறந்துவிட்டது.

மருமகள் பானுப்ரியா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். ஆறுமுகநேரிப் பெண். மகன் பாண்டியராஜனுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம்.

“ஒரு நாளாவது தண்ணி ஊத்துனியா, இல்ல போனை நோண்டிக்கிட்டே பொழுதப் போக்குனியா?”

“ரெண்டு நேரமும் ஊத்துனேன் அத்தை. விரலை மண்ணுல விட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்துனேன். நீங்க எழுதி வச்சிருக்கியள்லா, அதே மாதிரி.”

மாடிக் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்குகிறது. மார்க்கர் பேனாவில் இசக்கிசெல்வி எழுதிய சட்டம். விரலை விட்டுப் பார், ஈரம் இருந்தால் ஊற்றாதே. நீல டேங்க்குக் குழாயில் மட்டும் பிடி. ஹால் மரத்தைத் தினமும் கால்வட்டம் திருப்பி வை, இல்லாவிட்டால் வெளிச்சத்தைப் பார்த்துக் கோணிக்கொள்ளும்.

“அப்ப இதெல்லாம் எப்படிளா கருகுச்சு? வெயில் தின்னுட்டா? ஒரு போன் போட்டுச் சொன்னா கொறைஞ்சா போயிருவ?”

“வீடியோ காலுல காட்டலாம்னுதான் நெனச்சேன். பிரசவ வீட்டுல இருக்கவளக் கலவரப்படுத்தாதம்மான்னு மாமா சொன்னாவ.”

“மாமா சொன்னாவளா! மரம் ஒங்க மாமாவுதா?”

இசக்கிசெல்விக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது எட்டு வாரமாக நம்முடன் வருகிறவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு அது இன்னும் ஒரு முழம் நீண்டது.

“ஒன் கை பட்டா எதுதான் தங்குது?”

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது. மூன்று வருஷமாகப் பிள்ளை இல்லாத பெண்ணிடம் சொல்கிற வார்த்தையா அது? ஆனால் கோபம் உச்சியில் இருக்கும்போது வார்த்தையைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பானு அழவில்லை. ஒரு தடவை அத்தையை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

படியில், காபி டம்ளரும் கையுமாக, செந்தூர்பாண்டி நின்றுகொண்டிருந்தார். இசக்கிசெல்வியின் கணவர். பீச் ரோட்டில் படகுக்காரர்களுக்குக் கயிறும் பெயின்ட்டும், வீடு கட்டுகிறவர்களுக்குப் பைப்பும் விற்கிற ஹார்டுவேர்ஸ் கடைக்காரர். மருமகளுக்கு ஒதுங்கி வழிவிட்டார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“விடு செல்வி. மரந்தான? போனா போவுது. நர்சரியில நல்ல குரோட்டன்ஸா பாத்து வாங்கித் தாரேன்.”

குரோட்டன்ஸ்! பதினான்கு வருஷத்து ஆலுக்குப் பதில் குரோட்டன்ஸ்! அவள் பார்த்த பார்வையில் அவர் மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

மணி எட்டரைக்கு இசக்கிசெல்வி கீழே வந்தாள். அடுக்களையில் பானு திரும்பிப் பார்க்காமல் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் படும் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

ஹாலைக் கடக்கும்போது இசக்கிசெல்வியின் கால் நின்றது. கிழக்குச் சன்னல் ஓரம், மர ஸ்டூலில், பத்தொன்பதாவது மரம் இருந்தது. இச்சி. வீட்டுக்குள் வைத்து வளர்க்கிற ஒரே மரம். இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியதுபோல மின்னியது. நுனியில் இளந்தளிர்கூட விட்டிருந்தது. ஒரு பக்கம்கூடக் கோணவில்லை. தினமும் யாரோ மறக்காமல் கால்வட்டம் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

“ஏளா, இதுக்கு எதுல தண்ணி பிடிச்ச?”

“அடுக்களைக் கேன்ல.” பானு திரும்பவில்லை.

“மேல உள்ளதுக்கு?”

“நீங்க சொன்ன கொழாய்லதான். வாளி வாளியாப் பிடிச்சு ஊத்துனேன். அதுக்கும் ஏதாச்சும் சொல்லணுமா?”

இசக்கிசெல்வி அதற்குச் சண்டை போடவில்லை. ஒரே வீடு, ஒரே கை, ஒரே இருபத்தெட்டு நாள். கேன் தண்ணீர் குடித்த மரம் தளிர் விட்டிருக்கிறது, குழாய்த் தண்ணீர் குடித்த மரங்கள் கருகியிருக்கின்றன. அவள் விறுவிறுவென்று மறுபடி மாடி ஏறினாள்.

இந்தத் தடவை கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாள். தண்ணீர் இல்லாமல் காய்ந்த இலை மொத்தமாக மொறுமொறுவென்று ஆகும். இது அப்படி இல்லை. நுனியில் தொடங்கி ஓரம் வழியாக உள்ளே கருகியிருந்தது. தொட்டி விளிம்பு முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. மண்ணின் மேலும் அதே வெள்ளை. பதினெட்டில் சேதமே இல்லாமல் நின்றவை இரண்டே இரண்டுதான்: கொடுக்காப்புளியும் காகிதப்பூவும். உவர் நிலத்திலும் பிழைத்துக்கொள்கிற ஜென்மங்கள் அவை.

அவள் சுண்டுவிரலால் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

போய்க் குழாயைத் திறந்தாள். உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்தாள். துப்பினாள். ஒரே உப்பு.

தூத்துக்குடியில் வீடு கட்டினால் மாடியில் இரண்டு டேங்க் வைத்தாக வேண்டும். கறுப்பு டேங்க் உப்புக் கரிக்கிற போர் தண்ணீருக்கு. துவைக்க, கழுவ, கக்கூஸுக்கு. நீல டேங்க் நல்ல தண்ணீருக்கு. நாலு நாளைக்கு ஒரு தடவை தெருக்குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு ஏற்றி வைப்பது அதில். குடிக்கிற தண்ணீரை மரத்துக்குக் கொட்டுகிறாள் என்று அவளுக்கு இந்த வீட்டில் ரொம்ப நாளாகவே பெயர். அதையும் மீறித்தான் மாடிக் குழாயை நீல டேங்க்கோடு சேர்த்து அவளே நின்று பொருத்த வைத்தாள்.

இப்போது அந்தப் பைப் நீல டேங்க்கிலிருந்து வரவில்லை. நடுவில் அறுத்து, புது வெள்ளை பைப் போட்டு, கறுப்பு டேங்க்கோடு சேர்த்திருந்தது. சேர்ந்த இடத்தில் சிவப்புக் கைப்பிடி போட்ட ஒரு புது வால்வு. அதில் விலை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கப்படவில்லை. ஸ்டிக்கரில் அவள் புருஷன் கடைப் பெயர்.

இசக்கிசெல்விக்குக் காது இரண்டும் சூடாயின. பிளம்பர் டிக்சனுக்குப் போன் போட்டாள். திரேஸ்புரத்துக்காரன், இந்த வீட்டுப் பைப் வேலையெல்லாம் அவன்தான்.

“யக்கா, வந்துட்டியளா? பேரப்பிள்ள நல்லாருக்கா?”

“நல்லாருக்கான். எங்க மாடிக் கொழாய எப்பம்லே மாத்துன?”

“நீங்க ஊருக்குப் போன மறுநாளுக்கா. அண்ணாச்சிதான் வரச் சொன்னாவ.”

“என்ன சொல்லி மாத்தச் சொன்னாவ?”

“நல்ல தண்ணி வீணாவுதுன்னாவ. செடிக்கு ஊத்துத தண்ணில்லா அண்ணாச்சி, உப்பு ஆவாதேன்னு நாங்கூடக் கேட்டேன். ஒன் சோலியப் பாருலேன்னு சொல்லிட்டாவ. ஏங்க்கா, எதுவும் லீக்காவுதா?”

“ஆமாலே, பெரிய லீக்கு,” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

திரும்பினால், துணிக்கூடையோடு பானு மாடிக் கதவருகில் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

“மாமாவா?”

இசக்கிசெல்வி தலையை மட்டும் ஆட்டினாள்.

“பத்து நாளைக்கு முன்னயே எனக்குச் சந்தேகந்தான் அத்தை. எங்கப்பா உப்பளத்துல வேல பாக்கவரு. இந்த வெள்ளய நான் பாக்காததா? மாமா, உப்புப் பூத்த மாதிரி இருக்கேன்னு கேட்டேன். அது நம்ம கடையில வந்த புது உரம்மா, நாந்தான் தூவுனேன், நீ நல்லா தண்ணி ஊத்துன்னாவ. அன்னையில இருந்து ஒரு வாளி கூடவே ஊத்துனேன்.”

ஒரு வாளி கூடவே! எவ்வளவு அக்கறையாக ஊற்றினாளோ அவ்வளவு சீக்கிரம் மரத்தைக் கொல்கிற மாதிரி ஏற்பாடு செய்துவைத்துவிட்டு, அந்த மனிதர் தினமும் கடைக்குப் போய் வந்திருக்கிறார்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் கோபம் முந்திக்கொண்டது. செத்துப்போன நெல்லித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு இசக்கிசெல்வி படியிறங்கினாள். ஆட்டோவைக் கூப்பிட்டு, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பீச் ரோட்டுக்குப் போகச் சொன்னாள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போகிற மாசம். கடையில் நல்ல கூட்டம். படகுக்காரர் மரியான் நைலான் கயிற்றை முழம் போட்டு அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தொட்டியோடு படியேறுவதைப் பார்த்ததும் செந்தூர்பாண்டி எழுந்தே விட்டார்.

“இங்கன எதுக்கு வந்த? போன் போட்டிருக்கலாம்லா?”

அவள் தொட்டியைக் கல்லாமேல் வைத்தாள். கயிறு ஒரு பக்கம் ஒதுங்கியது.

“இந்த மண்ண ஒரு விரல் தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க.”

“என்ன வெளையாட்டு இது? ஆள் நிக்காவ.”

“அதுக்குத்தான் வந்தேன். வச்சுப் பாருங்க.”

அவர் கையை நீட்டவில்லை. மரியானுக்குத்தான் பொறுக்கவில்லை. தொட்டு வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“உப்பால்லா இருக்கு அண்ணாச்சி! கடல் தண்ணிய ஊத்தி எவனாவது செடி வளப்பானா?”

“கேளுங்க அவர்ட்டயே,” என்றாள் இசக்கிசெல்வி.

“உள்ள வா, கிட்டங்கியில வச்சுப் பேசுவோம்.”

“நான் எதையும் ஒளிச்சு வச்சு செய்யல. இங்கனயே பேசுதேன். அந்த வால்வு நம்ம கடை வால்வு. டிக்சன்ட்ட கேட்டுட்டேன். எதுக்குச் செஞ்சிய? தண்ணி வீணாவுதுன்னு மட்டும் சொல்லாதிய, கேக்க நான் வெவரங்கெட்டவ இல்ல.”

செந்தூர்பாண்டி கூட்டத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மனைவியைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார்.

“அக்கா ஒரு வாஸ்துக்காரரக் கூட்டிட்டு வந்தா. நீ ஊருக்குப் போற வாரந்தான், கோயிலுக்குப் போயிருந்த. அவரு மாடியில ஏறிப் பாத்தாரு. வளர வேண்டிய மரத்தைக் குறுக்கி வச்சிருக்கிய, இது இருக்க வீட்டுல எப்படி வம்சம் வளரும்னு கேட்டாரு. மூணு வருஷமாச்சு செல்வி. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்லா?”

அக்கா என்றால் முத்துக்கனி. நாலு தெரு தள்ளி இருக்கிறாள். தம்பி வீட்டில் எந்தப் பாத்திரம் எந்த மூலையில் இருக்கிறது என்பதுவரை அவளுக்குக் கணக்கு உண்டு.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா நீ கேப்பியா? வெட்டிப்போட எனக்கும் மனசு வரல. நீ இல்லாதப்ப தானாப் பட்டுப்போச்சுன்னா ஒனக்கும் வருத்தம் கொறையும்னு நெனச்சேன்.”

“தானாவா? தானாவா பட்டுச்சு?”

“மெதுவாப் பேசு.”

“வெட்டிப் போட்டிருந்தா ஒங்க மேல கோவப்பட்டிருப்பேன், பத்து நாள் பேசாம இருந்திருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். நீங்க மறைஞ்சு நின்னுகிட்டு, ஒண்ணுந்தெரியாத பிள்ள கையில வாளியக் குடுத்துட்டிய. காலையில நான் அவள என்ன வார்த்த சொன்னேன்? நீங்க படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்திய? அப்ப வாயத் தொறந்து, நாந்தான் செஞ்சேன்னு சொல்ல என்ன வந்துச்சு? வாய்ல காபியா இருந்துச்சு?”

மரியான் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

“அந்தப் பிள்ளைக்கு நல்லது நடக்கணும்னுதான...” என்று இழுத்தார் செந்தூர்பாண்டி.

“நல்லா நடந்துச்சு! சரி, ஒண்ணு கேக்கேன். மரம் ஆவாதுன்னா ஹால்ல இருக்கத மட்டும் எதுக்கு விட்டு வச்சிய?”

“ஹால்லயா? எது?”

“சன்னல் ஓரத்துல இருக்கே, இச்சி.”

அவர் முகத்தில் நிஜமான குழப்பம் தெரிந்தது. “அது பிளாஸ்டிக் இல்லியா?”

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். இசக்கிசெல்வி சிரிக்கவில்லை. பதினோரு வருஷமாக அந்த மரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இந்த மனிதர் பேப்பர் படிக்கிறார். அவள் அதற்கு இலை துடைத்ததையும், கம்பி சுற்றியதையும், துறைமுகத்துக் கரித்தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்ததையும் அவர் கண் பார்த்திருக்கிறது. மனசுக்குள் ஒன்றும் போகவில்லை. உப்புத் தண்ணீரைவிட அதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

“நாலு மணிக்கு வீட்டுக்கு வாங்க. மதினியையும் கூட்டிட்டு வாங்க. ஒங்க மவனையும் வரச் சொல்லுங்க. எல்லாருக்கும் முன்னால, நீங்க என்ன செஞ்சியன்னு பானுகிட்ட ஒங்க வாயால சொல்லணும். வரலேன்னா இந்தக் கடைக்கு நான் தினமும் ஒரு தொட்டியோட வருவேன். இன்னும் பத்து கெடக்கு.”

நெல்லித் தொட்டியைக் கல்லாமேலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது கீழே பானுவைக் காணோம். அவளுடைய பை கட்டிலில் பாதி அடுக்கியபடி இருந்தது. மாடிக்கு ஓடினாள்.

பானு அங்கேதான் இருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். சிவப்புக் கைப்பிடியைத் திருகி மூடிவிட்டு, தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பச்சை வலை நிழலுக்கு நகர்த்தியிருந்தாள். அடுக்களையிலிருந்து நல்ல தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து வந்து, செம்பால் மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“எங்கூர்ல உப்பேறுன மண்ண நல்ல தண்ணி விட்டுத்தான் கழுவுவாவ. சரியா?” குரலில் ஒட்டுதல் இல்லை.

“சரிதான். நெறைய ஊத்து. அடியில ஓட்ட வழியா முழுசா வடியட்டும். வடிஞ்ச தண்ணியில தொட்டி நிக்கக் கூடாது. அரை மணி விட்டு மறுபடி. நாலு தடவையாவது செய்யணும்.”

இருவருமாக ஊற்றும்போதே, வாஸ்துக்காரர் சொன்னதையும் அதற்காகக் கணவர் செய்ததையும் இசக்கிசெல்வி சொல்லி முடித்தாள். ஆலின் முறை வந்தபோது இசக்கிசெல்வி கட்டைவிரல் நகத்தால் கிளையின் தோலைச் சுரண்டினாள். உள்ளே பழுப்பு. இன்னொரு கிளை. அதுவும் பழுப்பு. கையை இறக்கி அடிமரத்தில் சுரண்டினாள்.

பச்சை. நகக்கண் அளவுக்கு ஈரப் பச்சை.

“உயிர் இருக்குளா!” அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “மேல உள்ளத வெட்டிரணும். கீழ இருந்து துளிர்க்கும். துளிர்க்கலாம்.” பிறகு, மரத்தைப் பார்த்தபடியே, “காலையில நான் சொன்னது தப்பு பானு. அந்த வார்த்தய நான் சொல்லியிருக்கக் கூடாது,” என்றாள்.

பானு செம்பைக் கீழே வைத்தாள்.

“மரம் போச்சேங்கிற கோவத்துல சொன்னிய. அது எனக்குப் புரியுது. ஆனா அந்த வார்த்த ஒங்க நாக்குல ரெடியா இருந்துச்சுல்லா அத்தை? தேடவே இல்லியே நீங்க.”

இசக்கிசெல்வி ஆலின் தட்டில் உதிர்ந்து கிடந்த இலைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

“மரத்தச் சொன்னாவ. என் கையச் சொன்னிய. ஒங்க மவன மட்டும் இந்த வீட்டுல யாரும் ஒரு வார்த்த சொல்லல. ரெண்டு வருஷமா ஆஸ்பத்திரிக்கு நான் மட்டுந்தான் போறேன். மூணு ரிப்போர்ட்டு, எனக்கு ஒரு கொறையும் இல்ல. அடுத்து வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்கன்னு டாக்டரம்மா தடவ தடவ சொல்லுதாவ. அவிய வரமாட்டாவ.”

“எங்கிட்ட அவன் டெஸ்ட் எடுத்துட்டேன், எல்லாம் நார்மல்னுல்லா சொன்னான்!”

“ஒங்ககிட்ட அப்படியா சொன்னாவ?” பானு சிரித்தாள். கேட்கவே நன்றாக இல்லாத சிரிப்பு. “அப்ப கொறை எனக்குத்தான்னுல்லா மூணு வருஷமா எல்லாரும் நெனச்சிருப்பிய?”

அப்பன் குழாயை மாற்றிவிட்டு உரம் என்றார். மகன் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் நார்மல் என்றான். இரண்டு பொய்யையும் இந்தப் பெண்தான் வாளியில் சுமந்திருக்கிறாள். இசக்கிசெல்விக்குக் காலையிலிருந்து வந்த கோபமெல்லாம் ஒத்திகைதான் என்று தோன்றியது.

“அந்த ரிப்போர்ட்டெல்லாம் எங்க இருக்கு?”

“பையில. எங்க வீட்டுக்குக் கொண்டுபோக எடுத்து வச்சேன்.”

“கீழ எடுத்துட்டு வா.”

நாலு மணிக்கு ஆட்டோவில் செந்தூர்பாண்டியும் முத்துக்கனியும் வந்து இறங்கினார்கள். முத்துக்கனி செருப்பைக் கழற்றுமுன்பே தொடங்கிவிட்டாள்.

“என்ன செல்வி, நாலு குச்சிக்காகக் கடையில போயி ஊரக் கூட்டுனியாமே?”

“உக்காருங்க மதினி. ஒங்களுக்கும் சேத்துதான் இன்னைக்கு.”

ஹாலில் இச்சி மரத்தைச் சுற்றி நாற்காலிகள் போட்டிருந்தன. செந்தூர்பாண்டி அந்த மரத்தை முதல் தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். ஓர் இலையைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

“சொல்லுங்க,” என்றாள் மனைவி.

அவர் தரையைப் பார்த்தார். “பானு, மாடிக் கொழாய மாத்துனது நாந்தாம்மா. ஒங்கிட்ட உரம்னு சொன்னதும் பொய். காலையில ஒன்னையப் பேசும்போது நான் சும்மா நின்னுருக்கக் கூடாது.”

பானு தலையசைக்கவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த ஃபைலை மேசைமேல் வைத்தாள். ஆஸ்பத்திரி ஃபைல் என்று மேலே பார்த்தாலே தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் பைக் சத்தம் கேட்டது. துறைமுகத்தில் கன்டெய்னர் கம்பெனி ஆபீஸிலிருந்து பாண்டியராஜன் வந்துவிட்டான். கேட்டைத் திறந்துபோட்டு, பைக்கை உள்ளே ஏற்றினான். திறந்த கதவு வழியாக ஹால் முழுவதும் தெரிந்தது. அப்பா, அத்தை, அம்மா, மனைவி, மேசைமேல் அந்த ஃபைல். அவன் இறங்கவில்லை. காலை ஊன்றி வண்டியைத் திருப்பினான்.

“ம்மா, ஒரு கன்டெய்னர் ரிலீஸ் ஆவணும். அவசரமாக் கூப்பிடுதாவ. போயிட்டு வந்துருதேன்.”

இசக்கிசெல்வி எழுந்தாள். வாசலில் இறங்கி, மகனைத் தாண்டி, கேட்டை இழுத்துச் சாத்தினாள். பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“கன்டெய்னர் எங்கயும் ஓடிராது. ஒரு நாற்காலி பாக்கி இருக்கு. உள்ள வாலே.”